இஞ்சி பியர் வாளியை முழுக்க மூடலாமா?

கேள்வி, மே 4, மாலை

அண்ணன், நான் அக்கரைப்பற்றுப் பக்கம். 20 லீற்றர் வாளியில் இஞ்சி பியர் போடுகிறேன். துணி கட்டி வைத்தால் பழ ஈ விழுகிறது, நாலாம் நாள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. மூடியை இறுக்கி வைத்தால் வாளி பந்து மாதிரி ஊதி வருகிறது. திறக்காமலே நொதிக்க விட்டு, திறக்காமலே போத்தலில் அடைக்கிற மாதிரி இந்த வாளியை மாற்ற முடியுமா? வெளிநாட்டில் இதற்கென்றே ஸ்டீல் கலன் விற்கிறார்கள். அதன் விலையைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே கேட்கிறேன்.

மே 4, இரவு 10.20

முதலில் போய் அந்த மூடியைத் தளர்த்திவிட்டு வாருங்கள் தம்பி, மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

வாளி மூடி அழுத்தம் தாங்குகிற சாமான் இல்லை. 30 சென்ரிமீற்றர் அகல மூடியில் ஒரே ஒரு பிஎஸ்ஐ (டயர்க் காற்று அளக்கிற அலகு) அழுத்தம் ஏறினாலே அது 50 கிலோ, அதாவது ஒரு சிமெந்துப் பையைத் தூக்குகிற விசை. மோட்டார் சைக்கிள் டயரில் 28, 30 அடிக்கிறோம். அதை வைத்து வாளியை யோசித்துப் பாருங்கள். உள்ளே கிடக்கிற சீனியோ சும்மா இருக்காது. ஒரு கிலோ சீனி முழுக்க நொதித்தால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடவே காபனீரொட்சைட்டு வரும், எங்களூர் சூட்டில் அது கிட்டத்தட்ட 290 லீற்றர் இடம் பிடிக்கும்.

மூடிய நொதித்தல் என்று சொல்வதில் இரண்டு விதம் இருக்கிறது, இரண்டையும் குழப்பித்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டுப்படுகிறார்கள். ஒன்று, வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. மற்றது, வாயுவும் வெளியே போகாது, அழுத்தத்தோடேயே நொதிக்கும். வாளியில் முதலாவதுதான் முடியும். இரண்டாவதை வாளியில் செய்ய வெளிக்கிட்டால் சுவர் கழுவுகிற வேலைதான் மிஞ்சும்.

முதலாவதற்கு மூடியில் ஒரு துளை, அதில் இறுக்கமாக ஒரு ரப்பர் வொஷர், வொஷருக்குள்ளால் ஒரு குழாய், குழாயின் மறுமுனை தண்ணிப் போத்தலுக்குள். அவ்வளவுதான். வாளி மட்டும் சாப்பாட்டுச் சாமான் வந்த வாளியாக இருக்கட்டும், அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் நல்லது. பேக்கரிக்கு மாஜரின் வருகிற வாளியைக் கேட்டு வாங்கலாம், சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டு இரண்டு தரம் கழுவினால் நெய்ப்பசை போய்விடும். பெயின்ற் வாளி வேண்டவே வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம்.

மே 5, காலை

துளை போடுவதைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நான் முதலாவது வாளிக்கு ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்தினேன். பிளாஸ்டிக் உருகி விளிம்பெல்லாம் கட்டி கட்டியாக நின்றது, எந்த வொஷரும் அதில் ஒட்டிப் பிடிக்கவில்லை. பிறகு மேசன் வேலை செய்கிற மச்சானிடம் ட்ரில்லை வாங்கி, மூடிக்குக் கீழே பலகை வைத்து, மெதுவாகச் சுற்றவிட்டேன். வேகமாக விட்டால் விளிம்பு வெடித்துப் பிளக்கும். துளை வொஷரின் பள்ளத்தை விட ஒரு மில்லிமீற்றர் சின்னதாக இருந்தால்தான் பிடிப்பு.

குழாய்க்கு மீன்தொட்டிக் கடைதான். காற்றுப் பம்புக்குப் பூட்டுகிற மெல்லிய குழாய் மீற்றர் கணக்கில் தருவார்கள். சேலைன் குழாய் பாவிக்கலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். புதியதென்றால் பாவிக்கலாம், ஆனால் அதன் வாய் சரியான ஒடுக்கம். அந்த ஒடுக்கம் என்ன செய்யும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும், பிறகு எழுதுகிறேன்.

மே 5, இரவு

தண்ணிப் போத்தலைப் பற்றி ஒரு திருத்தம். காலையில் எழுதியதைப் பார்த்து ஒருவர் அப்படியே பூட்டிவிட்டார் போல, அதனால் இப்போதே சொல்கிறேன். வாளிக்கும் தண்ணிப் போத்தலுக்கும் நடுவில் ஒரு வெறும் போத்தல் வையுங்கள்.

ஏனென்றால் பின்னேரம் திடீரென்று மழை பெய்து சூடு இறங்கினால் வாளிக்குள் இருக்கும் வாயு சுருங்கும், குளிர்ந்த பானம் கொஞ்ச வாயுவைக் கரைத்தும் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் வெளித் தண்ணியைக் குழாய் வழியாக உள்ளே இழுக்கும். என் போத்தலில் இருந்தது மூன்று நாள் கிடந்த தண்ணி, அதில் ஒரு எறும்புக் கூட்டமே மிதந்தது. முழுக்க உள்ளே போய்விட்டது. நடுவில் வெறும் போத்தல் இருந்தால் தண்ணி அதற்குள் விழுந்து நின்றுவிடும். குழாய் முனை தண்ணிக்குள் இரண்டு விரல் ஆழம் போதும், அடிமட்டும் அமுக்க வேண்டாம்.

மே 9

சரி, ஒடுக்கமான குழாயின் கதை.

போன வருடம் இதே மாதம். 12 லீற்றர் போட்டிருந்தேன், இஞ்சியைத் துருவி அப்படியே உள்ளே விட்டுவிட்டேன், வடிக்கவில்லை. துருவல் உள்ளே கிடந்தால் காரம் கூடுதலாக இறங்கும் என்று எண்ணம். பாண் ஈஸ்ட் வேறு, இந்தச் சூட்டுக்கு அது துள்ளிக்கொண்டு வேலை செய்யும். இரவு பதினொரு மணிக்குப் பார்த்தபோது குமிழி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நுரை மேலே வந்து, இஞ்சி நாரைக் கொண்டுபோய்க் குழாய் வாயில் அடைந்திருக்கிறது. இரண்டு மணிக்கு மூடி கிளம்பிக் குசினிக் கூரைத் தகரத்தில் அடித்தது.

நடுச்சாமத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எங்களூர்க் கிழவிகள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அம்மம்மா எழும்பி, விளக்கைப் போடாமல், சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டா. நான் போய் "ஒண்டுமில்ல அம்மம்மா, இஞ்சித் தண்ணி" என்றேன். "இஞ்சித் தண்ணி எப்பயிருந்து மனே வெடிக்கத் துவங்கின?" என்றா. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் வாளியைத் தொடவில்லை.

ஆகவே இஞ்சியை அவித்து, ஆறவிட்டு, துணியில் வடித்துப் பிறகு ஈஸ்ட் போடுங்கள். வாளியில் கால்வாசி இடம் வெறுமையாக இருக்கட்டும். முதல் இரண்டு நாளைக்குச் சின்ன விரல் தடிப்புக் குழாய், நுரை அடங்கிய பிறகு மெல்லிய குழாய்க்கு மாறலாம்.

மே 10

நேற்றைய குறிப்பை வாசித்துவிட்டு ஒருவர், அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கிற மாதிரி மூடியைக் கொஞ்சம் தளர்வாக வைத்தால் குழாயே வேண்டாமே என்கிறார். உண்மைதான். வாயு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் மட்டும் உள்ளே ஒன்றும் வராது. பிரச்சினை அது நின்ற பிறகுதான். நின்ற வாளிக்குத் தளர்ந்த மூடி திறந்து கிடக்கிற கதவு.

மே 17

ஒரு கிழமையாக இதை யோசித்துக்கொண்டு திரிந்தேன். நான் மே 4 இல் சொன்னது பிழையில்லை, ஆனால் கேள்வியையே நான் சரியாகப் பார்க்கவில்லை.

தம்பி கேட்டது இஞ்சி பியர். இஞ்சி பியரில் எங்களுக்கு வேண்டியது வாயு. மதுசாரம் வேண்டாம், சீனி மிச்சமாக இனிப்பாக இருக்க வேண்டும், நாக்கில் சுள்ளென்று குத்த வேண்டும். வாளியும் தண்ணிப் போத்தலும் செய்வது என்ன? வேண்டிய வாயுவை முழுக்கக் கொப்பளித்து வெளியே அனுப்பிவிட்டு, வேண்டாத மதுசாரத்தை உள்ளே சேர்த்து வைக்கிறது! நல்ல ஏற்பாடுதான்.

கணக்கைப் பாருங்கள். 30 பாகைச் சூட்டில், அழுத்தம் இல்லாமல், ஒரு லீற்றர் தண்ணி முக்கால் லீற்றர் வாயுவைக்கூடப் பிடித்து வைக்காது, 0.66 லீற்றர்தான். கடைச் சோடா மாதிரிக் குத்த வேண்டுமென்றால் இரண்டு லீற்றருக்கு மேல் வேண்டும். வாளியில் எத்தனை நாள் வைத்தாலும் அது 0.66 ஐத் தாண்டாது, மிச்சமெல்லாம் குமிழியாகப் போகும். அதனால்தான் வாளியில் இருந்து குடிக்கிற இஞ்சி பியர் எப்போதும் செத்துப்போய் இருக்கிறது. நான் வருடக்கணக்காக ஈஸ்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கத்தால் பாருங்கள். லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதித்தால் ஒரு லீற்றர் வாயு வரும். இரண்டு லீற்றர் வாயுவுக்கு வெறும் 8 கிராம். லீற்றருக்கு 100 கிராம் சீனி போட்டிருந்தால் 92 கிராம் அப்படியே இனிப்பாக நிற்கும். 8 கிராமில் வருகிற மதுசாரம் அரைச் சதவீதம். ஆக, தொடக்கத்திலிருந்தே இறுக்கி மூடி வாயுவைப் பிடித்தால் ஒரு நாளில் வேலை முடிந்தது, பிரிஜ்ஜில் தூக்கி வைத்து ஈஸ்டைப் படுக்கப் போடலாம். வாளியில் விட்டால் நாலு நாள், புளிப்பு, பழ ஈ, தலைக் கிறுகிறுப்பு.

அதனால் தம்பி, வாளியை மாற்ற வேண்டாம். வாளியை விட்டுவிடுங்கள். அழுத்தம் தாங்கும் மூடிய கலன் ஏற்கனவே உங்கள் வீட்டுக் கோடிக்குள் கிடக்கிறது. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல். அது வெயிலில் லொறியில் கிடந்தாலும் வெடிக்கக்கூடாது என்று செய்த சாமான். தண்ணிப் போத்தல் இல்லை, அது மெல்லிசு. கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம், அதைப் பற்றிக் கதைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

மே 18

செய்முறை கேட்டிருந்தார்கள். லீற்றருக்கு 100 கிராம் சீனி, 50 கிராம் இஞ்சி, ஒரு பெரிய தேசிக்காய், பாண் ஈஸ்ட் இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு. தேசிக்காயை அவித்தது ஆறிய பிறகுதான் பிழிய வேண்டும், சூட்டில் பிழிந்தால் கைக்கும்.

போத்தலில் நாலு விரல் இடம் விட்டு ஊற்றி, பானம் வாய்மட்டும் ஏறும் வரை போத்தலை நசுக்கி, நசுக்கியபடியே மூடுங்கள். உள்ளே இருந்த காற்று போய்விடும். பிறகு வாயு சேரச் சேர நசுங்கிய போத்தல் தானாக நிமிரும். பின்னேரம் மூடி வைத்தால் விடியப் பார்க்கும்போது பள்ளமெல்லாம் எழும்பி நிற்கும். அதைப் பார்ப்பதே ஒரு சந்தோசம்.

மே 26

கையால் அமுக்கிப் பார்த்து அழுத்தம் சொல்கிற வேலை எனக்குச் சரிவரவில்லை. கல் மாதிரி இருக்கிறது என்றால் எந்தக் கல்?

டயர் ஒட்டுகிற கடையில் டியூப்லெஸ் வால்வு வாங்கினேன், நட்டுப் போட்டு இறுக்குகிற பித்தளை வகை. சோடா மூடியின் நடுவில் துளை போட்டு, உள்ளே ஒரு வொஷர் வெளியே ஒரு வொஷர் வைத்து இறுக்கினால் முடிந்தது. டயர் அழுத்தம் பார்க்கிற மானியை அதில் வைத்தால் இலக்கம் தெரியும், ஊசியை நகத்தால் அமுக்கினால் கூடுதல் வாயு போகும். கடைக்காரப் பெடியன் எந்த பைக்குக்கு என்று கேட்டான். இஞ்சி பியருக்கு என்றேன். அவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இதில் அழகு என்னவென்றால், நான் மேலே சொன்ன இரண்டு லீற்றர் வாயு 30 பாகையில் சரியாக 29, 30 பிஎஸ்ஐ. மோட்டார் சைக்கிள் பின் டயர் அழுத்தம்! எவருக்கும் மறக்காது. 30 வந்தால் பிரிஜ்ஜுக்குள் போடு. எல்லாப் போத்தலுக்கும் வால்வு வேண்டாம், ஒரே நாளில் ஒரே பானையில் இருந்து ஊற்றியதில் ஒன்றுக்கு வால்வு மூடி போட்டால் மற்றதெல்லாம் அதன்படிதான் இருக்கும்.

பித்தளையில் புளிப்புப் படக்கூடாது, ஆகவே வால்வுப் போத்தலைப் படுக்க வைக்க வேண்டாம், குலுக்கவும் வேண்டாம்.

ஜூன் 2

வால்வு ஒழுகுகிறது. நேற்றிரவு 30 இருந்த போத்தல் பிரிஜ்ஜுக்குள் வைத்து இன்று பார்த்தால் 5. வொஷர் சரியில்லைப் போல. மூடியைத் திறந்து மாற்றினேன், அதில் பாதி நுரையாகப் போய்விட்டது. யாரும் வாங்க அவசரப்பட வேண்டாம், நான் வேறு வால்வு பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஜூன் 3

மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். வால்வு ஒழுகவில்லை, எனக்குத்தான் மூளை ஒழுகியிருக்கிறது.

குளிர்ந்த தண்ணி வாயுவைக் கூடுதலாகக் குடிக்கும். 30 பாகையில் 0.66 என்று நானே எழுதியது 4 பாகையில் 1.47. அதே இரண்டு லீற்றர் வாயு, ஒரு சொட்டும் வெளியே போகாமல், 30 பிஎஸ்ஐ இல் இருந்து 5 க்கு இறங்கத்தான் வேண்டும். இறங்கியது பானத்துக்குள் போய்க் கிடக்கிறது. நான் அதைத் திறந்து வொஷர் மாற்றுகிறேன் என்று பெயர் பண்ணிக் குசினி நிலத்துக்குக் குடுத்தேன். மானி சரி, வால்வு சரி, வொஷரும் சரி. அக்கா நிலத்தைத் துடைக்கச் சொன்னதும் சரி.

ஜூன் 21

கச்சான் காற்று பிடித்துவிட்டது. பகலில் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருக்கிறது. மே மாதம் ஒரு இரவும் ஒரு பகலும் எடுத்த போத்தல் நேற்று பதினாலு மணித்தியாலத்தில் 30 ஐத் தொட்டுவிட்டது. காலையில் ஒரு தரம் பின்னேரம் ஒரு தரம் என்று பார்க்கிற பழக்கம் இந்த மாதத்துக்குப் பத்தாது. ஈஸ்டைப் பாதியாகக் குறைத்தேன், அப்போதும் பெரிய வித்தியாசமில்லை. போத்தல்களைத் தண்ணி நிரப்பிய சட்டிக்குள் இறக்கி, மேலே ஈரச்சாக்கு போட்டு நிலத்தில் வைத்தேன், அது உதவியது.

100 கிராம் சீனியும் முழுக்க நொதித்தால் ஒரு லீற்றரில் 26 லீற்றர் வாயு. எந்தச் சோடாப் போத்தலும் அதைத் தாங்காது. மூடிவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய் மூன்று நாள் நிற்கிற ஆட்களுக்கு இந்த விளையாட்டு சரிவராது.

ஜூலை 8

பிரஷர் குக்கர். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், நானும் செய்து பார்த்துவிட்டேன்.

யோசனை கெட்டிக்கார யோசனைதான். குக்கர் மூடியில் இருக்கும் விசில் குண்டு 15 பிஎஸ்ஐ இல் எழும்பும், அதற்கு மேல் தானாக விடும். ஸ்டீல் கலன்காரர் காசு கொடுத்து வாங்குகிற அழுத்த வால்வின் வேலையை இது சும்மா செய்யும். அலுமினியக் குக்கர் கூடாது, தேசிக்காய்ப் புளி அதை அரிக்கும். அக்காவின் 5 லீற்றர் ஸ்டீல் குக்கரை அவ பள்ளிக்கூடம் போன நேரம் எடுத்தேன்.

முதல் நாள் ஒன்றுமே ஏறவில்லை. அடுப்பில் ஆவி ஒரேயடியாகத் தள்ளி ரப்பரை அமுக்கும், அதனால் மூடி பிடிக்கும். ஈஸ்ட் சொட்டுச் சொட்டாகத் தருகிற வாயு ரப்பர் விளிம்பால் நைசாக நழுவிப் போய்விடுகிறது. ரப்பரைச் சுடுதண்ணியில் ஊறப்போட்டு இளக்கி, மூடியின் மேல் அம்மிக்கல்லை வைத்த பிறகுதான் பிடித்தது. அடுத்த நாள் குண்டு மெல்லச் சீறத் தொடங்கியது, விசில் அடிக்கவில்லை, பூனை கோபத்தில் விடுகிற மூச்சு மாதிரி.

குடித்துப் பார்த்தேன். பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். 15 பிஎஸ்ஐ இல் 30 பாகையில் லீற்றருக்கு 1.3 தான் பிடிக்கும், அதிலும் போத்தலுக்கு மாற்றும்போது நுரையாகப் பாதி போகிறது.

ஆனால் நான் இதை விட்டதற்குக் காரணம் வேறு. விசில் துவாரம் சின்னது, ஒரு இஞ்சி நார் போதும் அதை அடைக்க. குக்கர் மூடியில் பாதுகாப்புக்கு ஒரு அடைப்பான் இருக்கிறதே என்றுதான் நானும் துணிந்தேன். பிறகுதான் உறைத்தது. அது உள்ளே தண்ணி வற்றிச் சூடு கூடினால் உருகுகிற உலோகம். 30 பாகையில் அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அது உருகப்போவதில்லை, சும்மா பார்த்துக்கொண்டு இருக்கும். மேலே அம்மிக்கல் வேறு வைத்திருக்கிறேன்.

கழற்றிக் கழுவி இடத்தில் வைத்துவிட்டேன். அன்று இரவு சோறு இஞ்சி மணத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இப்போது குக்கர் அவவின் அலுமாரிக்குள் இருக்கிறது.

ஜூலை 9

காத்தான்குடியில் நான் வொஷர் வாங்குகிற ஹார்ட்வெயார் கடைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இந்தக் கதையை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். வால்வு மூடிக்குச் சரியான அளவு வொஷரைத் தேடித் தந்ததே அவர்தான். நேற்று ஒரு போத்தல் கொண்டுபோனேன். "இதுல மதுசாரம் எவ்வளவு தம்பி?" என்றார். அரைச் சதவீதம் என்றேன். "அப்ப எனக்கு வாணாம்" என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிட்டார். அவருக்கு ஈஸ்ட் போடாமல் அவித்த இஞ்சிப் பாணியைக் கொடுத்தேன், சோடாவில் கலந்து குடிக்கிறாராம். ஒளித்துக் கொடுக்கக்கூடாத விசயம், அதனால் இங்கும் எழுதுகிறேன்: ஈஸ்ட் போட்டு நொதித்தது எதுவோ அதில் மதுசாரம் இருக்கும், குறைவாக இருக்கும், இல்லாமல் இருக்காது. பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் இதை நினைவில் வையுங்கள்.

இதே முறையில் பியர், வைன் போடலாமா என்று கேட்பவர்களுக்கு. 1912 ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிக்க முடியாது. அந்தக் கேள்விகளுக்கு நான் இங்கே பதில் எழுதப்போவதில்லை.

ஓகஸ்ட் 14

திறக்காமலே போத்தலுக்கு மாற்றுவது என்று தம்பி முதல் நாளே கேட்டார், நான் இழுத்தடித்துவிட்டேன். வாளிக்குக் கீழே பைப் பூட்டி வடிக்கும்போது வடித்த அளவுக்கு மேலே காற்று போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வாளி சப்பளிந்து நிற்கும். அந்தக் காற்றுக்குப் பதிலாக வாயுவைக் கொடுக்க வேண்டுமென்றால், நொதிக்கும்போது வெளியே போகிற வாயுவை ஒரு பெரிய பொலித்தீன் பையில் பிடித்துக் கட்டி வைத்து, வடிக்கிற நேரம் அதே குழாயில் பூட்டுங்கள். பை சுருங்கிக்கொண்டு வரும், வெளிக்காற்று நுழையாது. செய்து பார்த்தேன், வேலை செய்கிறது, பார்க்கவும் வேடிக்கையாக இருக்கிறது.

ஆனால் இஞ்சி பியருக்கு இது வீண் வேலை. உயிரோடு இருக்கிற ஈஸ்ட் போத்தலுக்குள் மிச்சமிருக்கும் ஒட்சிசனைத் தானே தின்றுவிடும். நசுக்கி மூடினாலே போதும்.

செப்டெம்பர் 30

மே மாதம் கைவிட்ட பழைய வாளி ஞாபகம் இருக்கிறதா, ஆணியால் குத்தியது? அதில் ஒரு நாலு லீற்றர் மிச்சம் கிடந்ததை மறந்தே போனேன். விறகுக் கொட்டிலுக்குள் நாலு மாதம். நேற்றுத் திறந்தால் மேலே வெள்ளையாக ஒரு ஆடை, கீழே தெளிந்த பொன்னிறத் தண்ணி, மூக்கைப் பிடுங்குகிற வினாகிரி மணம்.

மதுசாரத்தைப் புளிக்காடியாக்குகிற பக்ரீரியாவுக்குக் காற்று இல்லாமல் சரிவராது. நான் சரியாக மூடத் தெரியாமல் விட்ட ஓட்டைதான் அதற்குக் காற்று கொடுத்திருக்கிறது, பழ ஈ விதை கொண்டுவந்திருக்கிறது. தென்னங்கள்ளை வினாகிரியாக்குகிறவர்கள் காற்றுப்படவே விடுகிறார்கள், இஞ்சியும் அப்படித்தான். மூடினால் ஒன்று, திறந்தால் இன்னொன்று.

அம்மம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தா. "இத எறியாத மனே" என்றா. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பேரீச்சம்பழமும் போட்டு அச்சாறு ஒரு பெரிய போத்தல். இஞ்சி பியரை இந்த வீட்டில் ஒருவரும் இவ்வளவு மெச்சியதில்லை.

அந்த வாளியை இனி வேறு எதற்கும் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதற்குள் இந்தச் சாதி குடியிருக்கும், சுடுதண்ணிக்கும் அசையாது. தும்பால் தேய்த்துக் கழுவுகிறவர்கள்தான் கூடக் கீறுகிறார்கள். மென்துணி போதும்.

(தயிரையும் இப்படி மூடிய கலனில் போடலாமா என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? மண்சட்டி தண்ணியை உறிஞ்சித் தருவதாலும்தான் எருமைத் தயிர் கரண்டியில் வெட்டி எடுக்கிற மாதிரி நிற்கிறது. அதில் கைவைக்க வேண்டாம்.)

நவம்பர் 23

அக்கரைப்பற்றுத் தம்பி எழுதியிருக்கிறார். ஒன்பது போத்தல் போட்டாராம், வால்வு மூடி ஒன்று, எட்டுச் சும்மா மூடி. நல்லாக வந்ததாம். 20 லீற்றர் வாளியில் இப்போது அவருடைய உம்மா அரிசி போட்டு வைத்திருக்கிறாவாம்.

இங்கே மழை தொடங்கிப் பத்து நாள். வீட்டுக்குள் 26 பாகைதான், கச்சானில் பதினாலு மணித்தியாலம் எடுத்தது இப்போது இரண்டு நாள் ஆகிறது, அவசரப்பட்டு ஈஸ்டைக் கூட்ட வேண்டாம். சூடு குறைவு என்றால் 30 பிஎஸ்ஐ இல் வாயுவும் கொஞ்சம் கூடுதலாகவே கரைந்திருக்கும், நான் 26 இல் எடுத்துவிடுகிறேன்.

நவம்பர் 24, காலை

இரவு ஏழு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. பிரிஜ்ஜுக்குள் ஆறு போத்தல். 5 இல் இருந்தது விடிய 11, இப்போது 16. ஈஸ்ட் இன்னும் எழும்பவில்லை, வெறும் சூடு ஏறுகிற கணக்குத்தான், ஆனால் மத்தியானத்துக்குள் எழும்பிவிடும். ஐஸ் வாங்கக் கல்லடிப் பக்கம் போக வேண்டும், மழையோ விடுகிறதாக இல்லை. பக்கத்து வீட்டுக்கு இரண்டு கொடுத்துவிட்டேன், ஒன்றை நான் குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். மிச்சம் மூன்று.